நம்ம கேம் டெவ் குரூப்போட பொது ரெப்போ: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நாங்க ஒரு பதினஞ்சு இருபது பேர், கோடோங்கற இலவச என்ஜின்ல (கேம் பண்ற சாஃப்ட்வேர்) சின்னச் சின்ன கேம் பண்றவங்க, பாதிப் பேருக்குப் பகல்ல வேற வேலை, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உக்காந்தாத்தான் கேம். எல்லாருக்கும் பொதுவா ஒரு ரெப்போ, அதாவது கோடும் ஃபைலும் சேத்து வைக்கற ஆன்லைன் ஃபோல்டர் மாதிரி ஒண்ணு, வச்சிருக்கோம், கொஞ்ச வருஷமா ஓடுது. அதைப் பத்திப் புதுசா வர்றவங்க கேக்கறதுக்கெல்லாம் தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி யாருக்கு என்ன சொன்னேன்னு எனக்கே குழம்பிப் போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். நீங்க வேற குரூப்ல, வேற என்ஜின்ல இருந்தாலும் பாதி பொருந்தும்.

கோடோவா கோடாட்டா?

ரெண்டும் சொல்றாங்க, ரெண்டுக்கும் திரும்பிப் பாப்போம். அர்ஜென்டினாக்காரங்க ரெண்டு பேர், ஹுவான் லினியெட்ஸ்கி, ஆரியல் மன்சூர், உள்ளுக்குள்ள வச்சு யூஸ் பண்ணிட்டிருந்த என்ஜினை 2014 பிப்ரவரில எம்ஐடின்னு யாரும் எடுத்துக்கலாம்ங்கற லைசென்ஸ்ல வெளிய விட்டாங்க. அடுத்த கேள்வி.

ரெப்போக்குள்ள என்னதான் இருக்கு?

மூணே ஃபோல்டர், அப்புறம் ஒரு பரண். ஆட்ஆன் ஃபோல்டர்ல எடுத்து அப்படியே கேம்ல போடற கோடு. டெமோ ஃபோல்டர்ல அந்தக் கோடு ஓடறதைக் காட்டற குட்டிக் குட்டி ப்ராஜெக்ட். குறிப்பு ஃபோல்டர்ல வெறும் எழுத்து, எதை ஏன் அப்படிப் பண்ணோம்னு. பரணைப் பத்திக் கீழ சொல்றேன்.

இந்த ஏற்பாடு நாங்க கண்டுபிடிச்சது இல்ல, கோடோக்காரங்களைப் பாத்துதான் கத்துக்கிட்டோம். அவங்க என்ஜின் கோடு ஒரு ரெப்போ, டாக்ஸ் தனி ரெப்போ, டெமோ ப்ராஜெக்ட் தனி ரெப்போ, "இந்த வசதி வேணும்"னு கேக்கறதுக்கே தனி ரெப்போன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணை மட்டும் பிரிக்கல பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. ஒவ்வொரு கிளாஸும் என்ன பண்ணும், ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன திருப்பித் தரும்னு சொல்ற ரெஃபரன்ஸ் இருக்கில்ல, அது டாக்ஸ் ரெப்போல இல்ல, என்ஜின் கோடு பக்கத்துலயே எக்ஸ்எம்எல் ஃபைலா கிடக்கும். ஃபங்ஷனை மாத்தறவர் அதே புல் ரெக்வெஸ்ட்லயே (நான் மாத்தினதைச் சேத்துக்கோங்கன்னு அனுப்பற கோரிக்கை) விளக்கத்தையும் மாத்திடலாம். டுடோரியல் மாதிரி நிதானமா எழுதறது மட்டும் தனியா போகுது. நாங்களும் அதேதான், ஆட்ஆனோட ரீட்மி, அதாவது அறிமுக ஃபைல், ஆட்ஆன் ஃபோல்டர்லயே இருக்கும், "ஏன் இப்படி"ங்கற பெரிய கதை மட்டும் குறிப்புக்குப் போகும்.

எதுக்கு இவ்ளோ ஏற்பாடு? சாட் குரூப்லயே கோடைப் போட்டா போதாதா ப்ரோ?

போதும்னுதான் நாங்களும் நெனச்சோம். நடந்ததைச் சொல்றேன், இதுதான் ரெப்போ ஆரம்பிக்கவே காரணம்.

2022-ல எங்க குரூப்ல ஒருத்தர் கோடோ 3-ல தமிழ்ல டயலாக் வர்ற கேம் பண்ணிட்டிருந்தார். கோடோ 3 எழுத்தைக் கோர்க்கத் தெரியாத என்ஜின், வர்ற வரிசைல அப்படியே ஒவ்வொண்ணா நட்டு வைக்கும். "கெ"ன்னு டைப் பண்ணா கொம்பு க-வுக்கு முன்னாடி வரணும், ஆனா யுனிகோட்ல க முதல்ல, கொம்பு அடுத்துதான் இருக்கும், என்ஜின் அதை அப்படியே காட்டும். "கொடு"ன்னு எழுதினா க-வுக்கு அப்புறம் கொம்பும் காலும் தனியா ஒரு ஜோடியா நிக்கும், பாக்கவே பாவமா இருக்கும். அதுக்கு ஒருத்தர் சாட்ல வழி சொன்னார்: டயலாக் எல்லாத்தையும் பாமினிக்கு, அதாவது யுனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபாண்ட் முறைக்கு, மாத்திட்டு பாமினி ஃபாண்ட்டைப் போடுங்க, அது கண்ணுக்குத் தெரியற வரிசைலயே டைப் ஆகறதால கோர்க்கவே வேண்டியதில்ல. பிரமாதமான குறுக்கு வழி, வேலை செஞ்சுது, எல்லாரும் ஹார்ட் போட்டோம்.

2023 மார்ச்சுல கோடோ 4.0 வந்துச்சு. அதுல ஹார்ஃப்பஸ்னு எழுத்து கோர்க்கற லைப்ரரியை உள்ள வச்சுட்டாங்க, யுனிகோட் தமிழ் சும்மா அப்படியே வரும், ஒண்ணும் பண்ண வேணாம். அந்த வருஷக் கடைசில ஒரு தம்பி புதுசா சேர்ந்தான், 4-லதான் பண்றான், டயலாக்ல கட்டம் கட்டமா வருது. அவன் போட்டிருந்த ஃபாண்ட்ல தமிழ் எழுத்தே இல்ல, அவ்ளோதான் பிரச்சனை. ஆனா அவன் பாவம், யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சாட்ல தேடி அந்தப் பழைய பாமினி மெசேஜைக் கண்டுபிடிச்சு, ஒரு வாரம் உக்காந்து மொத்த டயலாக்கையும் பாமினிக்கு மாத்திட்டான். கேம்ல சரியாவும் வந்துச்சு, அதான் கொடுமை. அப்புறம் ஒரு வார்த்தையைத் தேட முடியல, இங்கிலீஷ் ட்ரான்ஸ்லேஷனோட ஒப்பிட முடியல, எழுத்து எழுத்தா வர்ற எஃபெக்ட் உடைஞ்சுது, எங்ககிட்ட காட்டும்போதுதான் தெரிஞ்சுது. திருப்பி யுனிகோடுக்கு மாத்த இன்னொரு வாரம்.

சாட்ல இருந்த பதில் தப்பான பதில் இல்ல. எந்த வெர்ஷனுக்கு, என்ன காரணத்துக்குன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல, அவ்ளோதான். "கோடோ 3-க்கு எழுத்து கோர்க்கத் தெரியாது, அதனால"ன்னு ஒரு வரி இருந்திருந்தா அந்தத் தம்பி படிச்ச உடனே இது நமக்கில்லன்னு தாண்டிப் போயிருப்பான்.

சரி, ஒரு ஸ்னிப்பெட் (குட்டித் துண்டுக் கோடு) போடணும்னா கூட என்ன எழுதணும்?

வெர்ஷன், எங்கேர்ந்து வந்துச்சு, ஏன் இப்படி. கோடு நாலு வரியா இருந்தா "ஏன்" எட்டு வரி இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நிஜமா நம்ம குறிப்பு ஃபோல்டர்ல இருக்கறது ஒண்ணை அப்படியே போடறேன், அக்கா ஒருத்தங்க எழுதினது:

"டயலாக் எழுத்து எழுத்தா வர்றது. கோடோ 4.2-ல பாத்தது, 4.3-லயும் ஓடுது. சொந்தக் கோடு. லேபிள்ல விசிபிள் கேரக்டர்ஸை (எத்தனை எழுத்து தெரியணும்ங்கற நம்பரை) ஒவ்வொண்ணா ஏத்தறோம். வணக்கம்னா நமக்கு 5 எழுத்து, என்ஜினுக்கு 7, புள்ளியை எல்லாம் தனியா எண்ணும். டீஃபால்ட்ல விட்டா 'வணக' வந்துட்டு அப்புறம் புள்ளி குதிச்சு ஏறும், 'கொ' வர்றதுக்கு முன்னாடி ஒரு க எட்டிப் பாக்கும். அதோட வெட்டின டெக்ஸ்டை வச்சுத்தான் வரி பிரிக்கும், அதனால பாதி வந்த வார்த்தை திடீர்னு அடுத்த வரிக்கு ஓடும். விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை ஷேப்பிங்குக்கு (எழுத்தைக் கோர்க்கறதுக்கு) அப்புறம்னு மாத்துங்க, எழுத்து முழுசா வந்து நிக்கும். கிளிஃப்னு இருக்கறதைத் தொடாதீங்க, 'கொ'வுக்கு முதல்ல வெறும் கொம்பு மட்டும் வரும். எழுத்து வரும்போது அடிக்கற டிக் சத்தம் மட்டும் 5-க்குப் பதிலா 7 தடவை கேக்கும், அதை இன்னும் சரி பண்ணல."

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அந்தக் கடைசி வரி. எது வேலை செய்யலைன்னு எழுதி வச்சதுதான் பின்னாடி வர்றவங்களுக்கு ஒரு ராத்திரியை மிச்சம் பண்ணும். "தொடாதீங்க"ன்னு மட்டும் சொல்லாம தொட்டா என்ன ஆகும்னு சொன்னாங்க பாருங்க, அப்பதான் அடுத்தவங்க நம்புவாங்க.

"லேட்டஸ்ட் வெர்ஷன்"னு எழுதினா போதுமா?

போதாது. இன்னிக்கு லேட்டஸ்ட் அடுத்த வருஷம் பழசு. 4.3-ன்னு நம்பரா எழுதுங்க.

3-லேர்ந்து 4-க்கு வந்தப்ப என்னென்ன மாறிச்சுன்னு பழைய ஆளுங்களைக் கேட்டா கண் கலங்கும். கைனமேட்டிக் பாடி போய் கேரக்டர் பாடி, யீல்டு போய் அவெயிட், இன்ஸ்டன்ஸ் போய் இன்ஸ்டான்ஷியேட், ஆளை நகர்த்தற மூவ் அண்ட் ஸ்லைடுக்கு 3-ல வெலாசிட்டியை (வேகத்தை) உள்ள அனுப்பணும், இப்ப வெலாசிட்டி நோடுலயே இருக்கு, அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணும் கிடையாது. 4-க்குள்ளயே கூட 4.3-ல லெவலைக் கட்டம் கட்டமா அடுக்கற டைல்மேப்பை ஓரங்கட்டி லேயருக்கு ஒரு நோடுன்னு மாத்திட்டாங்க. ஏஐ கிட்ட கேட்டு வாங்கற கோடுல இது ரெண்டும் கலந்து வரும், மேல் பாதி 3, கீழ் பாதி 4, பாக்க அழகா இருக்கும், ஓடாது. ஏஐ கோடு போடக் கூடாதுன்னு நம்ம குரூப்ல ரூல் எதுவும் இல்ல, ஆனா நீங்க ஓட்டிப் பாத்த வெர்ஷன் நம்பரை எழுதணும், அதை எழுத ஓட்டிப் பாத்துத்தானே ஆகணும்.

எதை வேணா பொதுவுல சேக்கலாமா?

இல்ல. ஆரம்பத்துல எதை வேணா சேத்தோம், ரெப்போ கல்யாண மண்டப ஸ்டோர் ரூம் மாதிரி ஆச்சு. அதுல பெரிய பாவம் பண்ணது நான்தான். ஒரு இன்வென்டரி சிஸ்டம் எழுதினேன், எந்த கேமுக்கும் பொருந்தற மாதிரி, எடை உண்டு, அடுக்கு உண்டு, வாளைத் தேய்மானம் பண்ண வசதி உண்டு, சேவ் ஆகும், நெட்வொர்க்ல கூட போகும். ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் யூஸ் பண்ணல, நான் உட்பட, ஏன்னா என் கேம்ல சாவி ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்.

கோடோல புது வசதி கேக்கறதுக்கு ஒரு ஃபார்ம் வச்சிருக்காங்க. முதல் கேள்வியே "நீங்க இப்ப என்ன ப்ராஜெக்ட் பண்ணிட்டிருக்கீங்க"ங்கறதுதான். அப்புறம் அதுல என்ன பிரச்சனை வந்துச்சு, கடைசில ரெண்டு கேள்வி: இதை நாலு வரி ஸ்கிரிப்ட்ல பண்ணிக்க முடியாதா, இது என்ஜினுக்குள்ளதான் இருக்கணுமா, தனி ஆட்ஆனா இருந்தா என்ன? இந்தக் கேள்வியை நான் என்கிட்டயே கேட்டிருந்தா என் ரெண்டு மாசம் மிச்சம். பிரச்சனைதான் முதல்ல வரணும், தீர்வு அப்புறம்னு அவங்க கான்ட்ரிப்யூட்டர்களுக்கு எழுதி வச்சிருக்கறதோட சாரமே அதுதான்.

நம்ம ரூல் அதுலேர்ந்து வந்ததுதான். ஒரு கோடு ரெண்டு வேற வேற கேம்ல நெஜமா ஓடியிருக்கணும், மூணாவதா ஒருத்தர் காப்பி அடிக்க வரும்போது பொதுவுக்கு எடுத்துட்டு வரலாம். குறிப்புக்கு இந்த ரூல் கிடையாது, ஒரு கேம்ல ஒரு தடவை பட்ட அவஸ்தையா இருந்தாலும் எழுதுங்க. கோடுக்குத்தான் கஞ்சத்தனம்.

என் கோடு ரொம்பக் கேவலமா இருக்கும், காட்டவே வெக்கமா இருக்கு.

இந்தக் கேள்வியை யாரும் குரூப்ல கேக்க மாட்டாங்க, தனி மெசேஜ்லதான் வரும், அதான் இங்க எழுதறேன்.

விவிவிவிவிவின்னு ஒரு கேம், ஆறு வி, எண்ணிப் பாத்துக்கோங்க. டெர்ரி கேவனா பண்ணது, 2010-ல வந்து நல்லா ஓடின கேம். பத்தாவது வருஷத்துல, 2020 ஜனவரில, அவர் சோர்ஸ் கோடை வெளிய விட்டார். எல்லாரும் ஆசையாத் திறந்து பாத்தா கேமோட மொத்தக் கதையும் ஒரே ஒரு ராட்சச ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட்ல (இந்த நம்பர்னா இதைப் பண்ணுன்னு பட்டியல் போடற கோடு) போயிட்டிருக்கு, கேஸ் நூத்துக்கணக்குல, நடுவுல நம்பர் விட்டு விட்டு. சிரிச்சவங்க சிரிச்சாங்க, ஆனா அந்த ஸ்விட்ச்தான் அந்த கேமை ஓட்டுச்சு, நம்ம அழகான இன்வென்டரி சிஸ்டம் எதையும் ஓட்டல.

செலெஸ்ட்னு ஒரு குதிச்சு ஏறற கேம், அதைப் பண்ணவங்க பிளேயர் கோடை 2018-ல வெளிய போட்டாங்க, ஒரே ஃபைல், 5000 வரிக்கு மேல. காலேஜ்ல இதைக் கொடுத்தா துண்டு துண்டாப் பிரிச்சுட்டு வான்னு சொல்வாங்க. ஆனா அதைத் திறந்து மேல பாத்தீங்கன்னா நம்பரா வரிசையா இருக்கும், அதுல ஜம்ப் கிரேஸ் டைம் 0.1ன்னு ஒண்ணு. விளிம்புலேர்ந்து கால் வெளிய போனப்புறமும் 0.1 செகண்ட், அதாவது 60 ஃப்ரேம்ல 6 ஃப்ரேம், ஜம்ப் பட்டனை அமுக்கினா குதிக்க விடும். அந்த கேம் கை சொன்னதைக் கேக்கற மாதிரி இருக்கே, அதுல இந்த 0.1-க்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஒரு நம்பர் எவ்ளோ பேருக்கு உதவியிருக்கும்னு நெனைக்கறீங்க? கோடு அழகு யாருக்கு வேணும், அந்த 0.1-ஐக் கொடுங்க. அதைவிட முக்கியமா, 0.2 வச்சுப் பாத்தா காத்துல நடக்கற மாதிரி இருந்துச்சு, 0.05 வச்சா டெஸ்டர் திட்டினாங்கன்னு எழுதுங்க.

கிட்ஹப்ல ஓப்பனாத்தானே கிடக்கு, எடுத்து நம்ம ரெப்போல போட்டுக்கலாமா?

இதுதான் பெரிய கேள்வி, கொஞ்சம் உக்காந்து படிங்க.

கண்ணுக்குத் தெரியறதும் எடுத்துக்க அனுமதி இருக்கறதும் வேற வேற. லைசென்ஸ் ஃபைலே இல்லாத ரெப்போன்னா "யாருக்கும் தடையில்ல"ன்னு அர்த்தம் இல்ல, நேர் எதிர், எல்லா உரிமையும் எழுதினவருக்கே. படிக்கலாம், கத்துக்கலாம், எடுத்து உங்க கேம்ல போட முடியாது. மேல சொன்ன விவிவிவிவிவி கோடுக்கே அவங்க சொந்தமா ஒரு லைசென்ஸ் எழுதி வச்சிருக்காங்க, காசு பண்ற கேம்ல போட விட மாட்டாங்க. லைசென்ஸே இல்லாத ரெப்போ பாத்தா ஆத்தர்கிட்ட "லைசென்ஸ் போட மறந்துட்டீங்களா"ன்னு மரியாதையா ஒரு வரி கேளுங்க, நிறையப் பேர் நெஜமாவே மறந்துதான் போயிருப்பாங்க, அன்னிக்கே எம்ஐடி போட்டுடுவாங்க.

எம்ஐடின்னா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம், ஆனா அந்தக் காப்பிரைட் வரியும் லைசென்ஸ் டெக்ஸ்டும் கூடவே போகணும். ரெப்போல மட்டும் இல்ல, நீங்க வெளிய விடற கேம்லயும். இதை நம்மாளுங்க பத்துக்கு எட்டுப் பேர் பண்றதில்ல. கோடோ என்ஜினே எம்ஐடிதான், அப்ப கோடோல பண்ண ஒவ்வொரு கேம்லயும் கோடோவோட லைசென்ஸ் எங்கயாவது இருக்கணும். கஷ்டம் ஒண்ணும் இல்ல, லைசென்ஸ் டெக்ஸ்டைத் திருப்பித் தர்ற ஃபங்ஷன் என்ஜின்லயே இருக்கு, கிரெடிட்ஸ் ஸ்க்ரீன்ல ஒரு பட்டன் வச்சு அதைக் காட்டிட்டா முடிஞ்சுது. நம்ம டெமோ ஃபோல்டர்ல கிரெடிட்ஸ் சீன் ஒண்ணு ரெடியா இருக்கு, எடுத்துக்கோங்க.

ஜிபிஎல் கோடை பொது ஆட்ஆன்ல கலக்காதீங்க. ஜிபிஎல் மோசம்னு சொல்லல, அதைச் சேத்து கேமை வெளிய விட்டா உங்க கேம் கோடையும் ஜிபிஎல்லயே கொடுக்கணும், நம்மள்ல சில பேருக்கு அது ஒத்துக்காது, எடுக்கறவருக்குத் தெரியாம தலைல கட்டக் கூடாது இல்லையா. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்லேர்ந்து எடுக்கறதும் சும்மா கிடையாது, அது சிசி பை எஸ்ஏ, எழுதினவர் பேரைப் போடணும், மாத்தி வெளிய விட்டா அதே லைசென்ஸ்ல விடணும். ஐடியாவைப் புரிஞ்சுக்கிட்டு நீங்களே எழுதிடுங்க, அதுதான் லேசு.

படம், சத்தம், ஃபாண்ட்டுக்கு வேற கணக்கு. கென்னிங்கறவர் போடற கேம் அசெட் (படம், சத்தம்) எல்லாம் சிசி ஜீரோ, பேர் கூட போட வேணாம், போட்டா அழகு. ஓப்பன் கேம் ஆர்ட் சைட்ல ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு லைசென்ஸ், பக்கத்தைத் திறந்து பாத்துட்டுத்தான் எடுக்கணும், வேற சைட்ல எடுக்கறதுல என்சி (காசு பண்ணக் கூடாதுங்கற நிபந்தனை) இருந்தா காசு கேமுக்கு ஆகாது. தமிழ் ஃபாண்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் இதெல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ், கேமோட சேத்து விக்கலாம், ஃபாண்ட்டை மட்டும் தனியா விக்கக் கூடாது, லைசென்ஸ் ஃபைலைக் கூட வைக்கணும். ஊர்ல டிடிபி கடைல பென்டிரைவ்ல ஏத்திக் கொடுத்த ஃபாண்ட் யாரோடதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும், தயவுசெஞ்சு ரெப்போல போடாதீங்க.

காசு கொடுத்து வாங்கின அசெட் பேக்கைப் போடலாமா?

கூடாது. பிரைவேட் ரெப்போவா இருந்தாலும் கூடாது, நீங்க வாங்கினது உங்களுக்குத்தான். பேரையும் எங்க வாங்கலாம்னும் குறிப்புல எழுதுங்க.

ஆட்ஆனை என் கேம்ல எப்படிச் சேக்கறது? சப்மாட்யூலா, காப்பியா?

காப்பி. ஆமா, காப்பி பேஸ்ட்தான். சப்மாட்யூல் (ஒரு ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவைக் கோத்து வைக்கறது) போட்டு ஆறு மாசம் பாத்தோம், வேணாம்னு விட்டோம். ஒருத்தர் குளோன் பண்ணுவார், சப்மாட்யூலை இழுக்க மறப்பார், ஃபோல்டர் காலியா இருக்கும், "உங்க ஆட்ஆன் ஓடல"ம்பார். கிட்ஹப்ல ஜிப்பா டவுன்லோட் பண்ணா சப்மாட்யூல் உள்ளயே வராது. அதுவும் போக நம்ம டெமோ ப்ராஜெக்ட்டை அப்படியே உள்ள சொருகினா இன்னொரு தமாஷ், உள் ஃபோல்டர்ல ப்ராஜெக்ட் டாட் கோடோ ஃபைல் இருந்துச்சுன்னா அதை வேற ப்ராஜெக்ட்னு நெனச்சு எடிட்டர் அந்த ஃபோல்டரையே கண்டுக்காது, அவுட்புட்ல ஒரு வார்னிங் வரும், அதை யார் படிக்கறா.

கோடோவோட அசெட் லைப்ரரியும் ஆட்ஆன்ஸ் ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணித்தான் வைக்குது, அதே வழக்கம். எடுக்கும்போது எந்த கமிட்லேர்ந்து (ரெப்போல பதிவான எந்த நிலைலேர்ந்து) எடுத்தீங்கன்னு பக்கத்துல ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சுக்கோங்க. கேம் முடியற நேரத்துல அப்டேட் பண்ணாதீங்க, ஓடறதை ஓட விடுங்க.

ஆட்ஆனைப் போட்ட உடனே "கிளாஸ் ஹைட்ஸ் எ குளோபல் ஸ்கிரிப்ட் கிளாஸ்"னு எரர் வருதே?

ரெண்டு பேர் ஒரே பேர் வச்சிருக்கீங்க. கோடோவோட மொழியான ஜிடிஸ்கிரிப்ட்ல கிளாஸ் நேம்னு போட்டா அந்தப் பேர் மொத்த ப்ராஜெக்ட்டுக்கும் தெரியும், ஊர்ல எல்லாரும் ஸ்டேட் மெஷின்னு ஒரு கிளாஸ் எழுதுவாங்க, நீங்களும் எழுதியிருப்பீங்க, ஒரே தெருவுல ரெண்டு குமார் கதைதான். அதனால பொது ஆட்ஆன்ல வெறும் பிளேயர், டைமர், ஸ்டேட் மெஷின்னு பேர் வைக்கக் கூடாது, இனிஷியல் போடணும், நம்ம ரெப்போல எல்லாத்துக்கும் முன்னாடி மூணு எழுத்து இருக்கும். ஆட்டோலோடுக்கும் (கேம் ஆரம்பிக்கும்போதே தானா ஏறற ஸ்கிரிப்ட்) அதே ரூல். உள்ளுக்குள்ள மட்டும் தேவைப்படற கிளாஸுக்குப் பேரே வேணாம், ப்ரீலோடு பண்ணிக்கோங்க.

கிட்ல (ரெப்போவை நடத்தற டூல்) எந்த ஃபைலைப் போடணும், எதை விடணும்?

டாட் கோடோங்கற ஃபோல்டர் வேணாம், அது உங்க கம்ப்யூட்டர்ல தானா உருவாகிக்கும். டாட் இம்போர்ட்னு முடியற குட்டி ஃபைல்கள் வேணும், படத்தை எப்படி இம்போர்ட் பண்றதுங்கற செட்டிங் அதுலதான் இருக்கு, அதை விட்டா உங்க படம் இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல வேற செட்டிங்ல வரலாம். 3-ல இம்போர்ட்னு ஒரு ஃபோல்டரும் இருந்துச்சு, அது வேணாம், ஃபைல் வேணும், இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்ல. 4.4-லேர்ந்து ஸ்கிரிப்டுக்குப் பக்கத்துல டாட் யுஐடின்னு ஒண்ணு முளைக்கும், குப்பைன்னு நெனச்சு இக்னோர் பண்ணாதீங்க, கமிட் பண்ணணும், ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்தினாலும் சீன் அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். 100 எம்பிக்கு மேல இருக்கற ஃபைலை கிட்ஹப் ஏத்துக்காது, அந்த அளவுக்கு எதையாவது கொண்டு வந்தீங்கன்னா டெமோக்கு அது எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க.

ரெண்டு பேர் ஒரே சீனைத் தொட்டா என்ன ஆகும்?

சீன் ஃபைல் டெக்ஸ்ட்தான், அதனால மெர்ஜ் பண்ணலாம் (ரெண்டு பேர் மாத்தினதையும் ஒண்ணாச் சேக்கலாம்)னு சொல்வாங்க, ஒரு தடவை பண்ணிப் பாத்தா அப்புறம் சொல்ல மாட்டாங்க. 3-ல உள்ள இருக்கற ரிசோர்ஸுக்கெல்லாம் 1, 2, 3ன்னு நம்பர், ஒண்ணைச் சேத்தா எல்லாம் மாறும். 4-ல நம்பரோட கலந்து ரேண்டமா எழுத்து வைக்கறாங்க, சண்டை கொறஞ்சிருக்கு, தீரல. சீனைச் சின்னச் சின்னதாப் பிரிங்க, பெரிய லெவல் சீனைத் தொடறதுக்கு முன்னாடி "நான் லெவல் 2-ல இருக்கேன்"னு சாட்ல ஒரு வார்த்தை போடுங்க. சாட் எதுக்கு லாயக்குன்னு கேட்டீங்கன்னா, இதுக்குத்தான்.

கேம் ஜாம்ல (குறிச்ச நேரத்துக்குள்ள கேம் பண்ற நிகழ்ச்சி) பொது கோடை யூஸ் பண்ணலாமா?

ஜாமுக்கு ஜாம் மாறும். லூடம் டேர்ங்கற ஜாம்ல காம்ப்போன்னு ஒரு பிரிவு, 48 மணி நேரம், தனி ஆள், படம் சத்தமெல்லாம் அந்த நேரத்துக்குள்ளயே பண்ணணும், பொதுவான கோடு கைல இருந்தா பரவாயில்ல, ஆனா சோர்ஸைக் காட்டணும். ஜாம் பிரிவு 72 மணி நேரம், ரூல் தளர்வு. எதுவா இருந்தாலும் என்ன முன்னாடியே வச்சிருந்தீங்கன்னு பக்கத்துல எழுதிடுங்க.

ஒரு ஆட்ஆனை எழுதினவர் குரூப்பை விட்டுப் போயிட்டா?

போவாங்க. கல்யாணம் ஆகும், வேலை மாறும், கேமே வெறுத்துப் போகும். ஒவ்வொரு ஆட்ஆன் ரீட்மிலயும் மேல ஒரு பேர் இருக்கும், "இதுக்கு இப்ப நான் பொறுப்பு"ன்னு. பொறுப்புன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு பக் சரி பண்றது இல்ல, புது கோடோ வெர்ஷன் வந்தா டெமோவை ஒரு தடவை ஓட்டிப் பாத்து நம்பரை மாத்தறது, அவ்ளோதான். வெர்ஷன் வந்து மூணு மாசம் ஆகியும் யாரும் ஓட்டிப் பாக்கலைன்னா ஃபோல்டர் பரணுக்குப் போகும். அழிக்க மாட்டோம், வீட்ல பழைய வெண்கலப் பானையை யாரும் தூக்கிப் போடறதில்லையே, ஆனா அடுப்பு பக்கத்துலயும் வைக்கறதில்ல. பரண்ல ஏத்தும்போது ஏன் ஏத்தினோம்னு ஒரு வரி எழுதுவோம். என் இன்வென்டரி சிஸ்டம் அங்கதான் நிம்மதியா இருக்கு. அந்த பாமினி வழியும் அங்க இருக்கு, "கோடோ 3-க்கு மட்டும்"னு கொட்டை எழுத்துல.

தமிழ்ல எழுதலாமா, இங்கிலீஷா?

குறிப்பு தமிழ்ல, இப்ப நான் எழுதற மாதிரி. வேரியபிள் பேர், ஃபங்ஷன் பேர் இங்கிலீஷ்ல. கோடோ 4-ல தமிழ்லயே வேரியபிள் பேர் வைக்க முடியும், ஒருத்தர் "உயிர்"னு வச்சார், கவிதையா இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு தடவை கீபோர்டை மாத்தணும், மூணாவது நாள் அவரே மாத்திட்டார். வெளியூர்க்காரங்களுக்கும் உதவற ஆட்ஆன்னா ரீட்மி ரெண்டுலயும் இருக்கட்டும்.

நான் யூனிட்டி ஆளு, வரலாமா?

தாராளமா. 2023 செப்டம்பர்ல யூனிட்டி இன்ஸ்டாலுக்கு இவ்ளோன்னு ஃபீஸ் அறிவிச்சப்ப நம்ம குரூப்புக்கு ஒரே வாரத்துல அஞ்சு பேர் வந்தாங்க. அடுத்த வருஷம் அந்த ஃபீஸையே ரத்து பண்ணிட்டாங்க, ரெண்டு பேர் திரும்பிப் போனாங்க, இன்னும் நம்மகூட பேசிட்டுத்தான் இருக்காங்க. உங்க சி ஷார்ப் கோடு எங்களுக்கு அப்படியே ஆகாது, ஆனா 0.1 செகண்ட் எந்த என்ஜின்லயும் 0.1 செகண்ட்தான், குறிப்பு எழுதுங்க.

முதல்ல நான் எதைச் செய்யட்டும்?

டெமோ ஃபோல்டர்ல ஏதாவது ஒண்ணை எடுத்து உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற வெர்ஷன்ல ஓட்டுங்க. ஓடுச்சுன்னா ரீட்மில நம்பரைச் சேத்து ஒரு புல் ரெக்வெஸ்ட், ஓடலைன்னா எரரை அப்படியே சேத்து ஒரு இஷ்யூ (ரெப்போல போடற புகார்). அதுவும் போரடிக்குதுன்னா டயலாக் டெமோல அந்த டிக் சத்தம் இன்னும் வணக்கத்துக்கு 7 தடவை அடிச்சிட்டிருக்கு. கோடோல எழுத்தைக் கையாள்ற டெக்ஸ்ட் சர்வர்ல எழுத்து எங்க முடியுதுன்னு சொல்ற ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, அதை வச்சு 5 ஆக்கலாம்னு அக்கா சொல்றாங்க, அவங்களுக்கு நேரம் இல்ல, நீங்க பாக்கறீங்களா?